நூறு வாட் பக்தி

ஹவுராவில் ஒரு மத அமைப்புக்குச் சொந்தமான தொலைக்காட்சிக் கோபுரம் என்றைக்கும் நின்றதில்லை. ஊரில் சாமிக்கும் சபைக்கும் குறைவில்லை. ராமகிருஷ்ண மடத்தின் தலைமையகமான பேலூர் மடம் இந்த மாவட்டத்தில்தான், ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது. சிவ்பூரில், தென்னிந்தியர்களும் தேடிப்போய்க் கும்பிடும் ஆயிரம் கைக் காளி இருக்கிறாள். ராமர் பெயரிலேயே ராம்ராஜாதலா என்று ஒரு பேட்டை. சணல் ஆலைகளையும் ரயில்வே பட்டறைகளையும் நம்பி வந்த பிகார், உத்தரப்பிரதேசக் குடும்பங்கள் தங்கள் அனுமாரையும் கூடவே கொண்டுவந்தன. மசூதிகளும் தேவாலயங்களும் அதே தெருக்களில் உண்டு. இத்தனை பேரில் ஒருவருக்கும் சொந்தமாக ஓர் அலைவரிசை வாய்க்கவில்லை. கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது. 1959 இல் டெல்லியில் தொலைக்காட்சி தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை, ஆன்டெனாவில் வந்து விழும் தரைவழித் தொலைக்காட்சி அலை இந்தியாவில் அரசுக்கு மட்டுமே உரியது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம் 1982 இல் குறைசக்தித் தொலைக்காட்சி என்று ஒரு தனி உரிம வகையையே உண்டாக்கியது. பெரிய நிலையங்களின் அலைவரிசைகளுக்கு இடையில் கிடக்கும் இடைவெளியில், அவற்றுக்கு இடைஞ்சல் செய்யாமல், ஒரு சிற்றூரை மட்டும் எட்டும் அளவுக்கு ஒளிபரப்பிக்கொள்ளலாம். தொடக்கத்தில் விஎச்எஃப் அலையில் 10 வாட், யுஎச்எஃப் அலையில் 1,000 வாட் என்பது உச்சவரம்பு. இன்றைய டிஜிட்டல் கணக்கில் அது 3 கிலோவாட், 15 கிலோவாட். கல்லூரி, ஊராட்சி, தனிமனிதர் யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம் என்றிருந்ததால், முன்னால் வந்து நின்றவர்களில் சபைகளும் இருந்தன. ஞாயிறு ஆராதனை, வார நாளில் வேதபாடம், நடுவில் பெரிய சுவிசேஷ வலைப்பின்னலின் மறுஒளிபரப்பு என்று ஓடும் சின்னஞ்சிறு நிலையங்கள் அந்த நாட்டில் ஏராளம்.

அப்படி ஒரு கதவு இங்கே திறக்கவே இல்லை. அதனால் ஹவுராவின் தெய்வங்கள் தொலைக்காட்சிக்குப் போனது சுற்றுவழியில்தான்.

குரல் முதலில் வந்தது

கல்கத்தா வானொலி நிலையம் 1927 ஆகஸ்ட் 26 அன்று, அப்போதைய இந்திய ஒலிபரப்பு நிறுவனத்தின் கையில் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் அங்கே உருவான ஒரு நிகழ்ச்சி, வங்காளத்தில் மதத்தையும் ஒலிபரப்பையும் பிரிக்க முடியாதபடி முடிச்சுப் போட்டுவிட்டது. 1931 இல் முதலில் ஒலித்த ‘மகிஷாசுரமர்த்தினி’யை எழுதியவர் பாணி குமார், இசையமைத்தவர் பங்கஜ் குமார் மல்லிக், தேவியின் கதையைத் தழுதழுத்த குரலில் சொன்னவர் பீரேந்திர கிருஷ்ண பத்ரா. மகாளய அமாவாசையன்று விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து வானொலியைத் திருகுவது, தர்ப்பணம் போலவே அந்த நாளின் சடங்காகிப்போனது. தமிழ்நாட்டில் மகாளய அமாவாசை என்றால் எள்ளும் தண்ணீரும் நினைவுக்கு வரும். ஹூக்ளியின் இரு கரையிலும் அவற்றோடு ஒரு வானொலிக் குரலும் சேர்ந்துகொள்ளும். பத்ரா பிராமணர் அல்லர், அவர் சண்டி ஓதலாமா என்று ஆரம்பத்தில் முணுமுணுப்பு எழுந்ததுண்டு. கேட்டவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

1976 இல், அவசரநிலைக் காலத்தில், வானொலி அதிகாரிகள் இந்த நிகழ்ச்சியை ஓரங்கட்டிவிட்டு, வங்காளத் திரையின் உச்ச நட்சத்திரம் உத்தம் குமாரை வைத்துப் புதிதாக ஒன்றை ஒலிபரப்பினார்கள். ஊர் கொதித்தது. பத்திரிகைகள் மூச்சடக்கிக் கிடந்த அந்த ஆண்டிலும் வானொலி நிலையத்தின் மீது பொதுமக்கள் கோபம் கொட்டியது. சில நாட்களிலேயே, சஷ்டியன்று, பழைய ஒலிப்பதிவைத் திரும்ப ஒலிபரப்ப வேண்டியதாயிற்று. மக்களிடம் உரிமமும் இல்லை, கோபுரமும் இல்லை. ஆனாலும் அந்த ஒரு விடிகாலையை விட்டுக்கொடுக்க அவர்கள் தயாராக இல்லை.

தொலைக்காட்சி விஷயத்தில் கல்கத்தாவுக்கு ஒரு விசித்திரம் உண்டு. நகரத்துக்குத் தொலைக்காட்சி வருவதற்கு முன்பே, நகரத்தின் பக்தி உலகத் தொலைக்காட்சிக்குப் போய்விட்டது. 1969 இல் பிபிசிக்காக மால்கம் மக்கரிட்ஜ் அன்னை தெரசாவைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். காளிகாட்டில் 1952 முதல் நடந்துவந்த ‘நிர்மல் ஹ்ருதய்’ இல்லத்தின் உட்புறம் இருட்டு. படம் விழாது என்று ஒளிப்பதிவாளர் கென் மக்மில்லன் தயங்கினார். கழுவிப் பார்த்தபோது காட்சி தெளிவாக விழுந்திருந்தது. அது தெய்வீக ஒளி, புகைப்படத்தில் பதிவான முதல் மெய்யான அற்புதம் என்று மக்கரிட்ஜ் எழுதினார். கோடாக் நிறுவனத்தின் புதிய ஃபிலிம்தான் காரணம் என்பது மக்மில்லன் சொன்ன கணக்கு. அற்புதத்துக்கு உலகெங்கும் விளம்பரம் கிடைத்தது, ஃபிலிம் சுருளை அவ்வளவாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

அதற்கு அடுத்த ஆண்டு, 1970 இல், கனடாவிலிருந்து வந்த இயேசு சபைப் பாதிரியார் காஸ்டன் ரோபெர்ஜ் கல்கத்தாவில் ‘சித்ரபாணி’ என்ற ஊடக மையத்தைத் தொடங்கினார். சத்யஜித் ராயின் ஆதரவு அதற்கு இருந்தது. திரைப்படம், புகைப்படம், ஒலிப்பதிவு எல்லாம் கற்பித்த அந்த மையம், பிரசங்கம் ஒளிபரப்பும் நிலையமாக மாறவில்லை. மாறவும் வழியில்லை. பின்னாளில் ரோபெர்ஜ் தலைமையேற்ற செயின்ட் சேவியர் கல்லூரியின் கல்வி ஊடக மையம் எடுத்த படங்கள், பல்கலைக்கழக மானியக் குழுவின் பாட நிகழ்ச்சிகளாகத் தூர்தர்ஷன் வழியே வெளிவந்தன. கேமராவும் கலைஞர்களும் கையில் இருந்தும், மத நிறுவனம் ஒன்று ஒளிபரப்பில் கல்வி என்ற வாசல் வழியாக மட்டுமே நுழைய முடிந்தது.

கோபுரங்கள் முளைத்த காலம்

கல்கத்தா தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 9 அன்று டாலிகஞ்சின் ராதா ஸ்டுடியோவிலிருந்து ஒளிபரப்பத் தொடங்கியது. சென்னைக்கு ஆறு நாள் மூத்தது. பிறகு அது கால்ஃப் கிரீனுக்கு இடம் மாறியது. ஹவுரா, பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும் ஊர் என்பதால், கல்கத்தாவின் உயர்சக்திக் கோபுரமே அதற்கும் போதுமானதாக இருந்தது. மொட்டைமாடியில் ஏழெட்டு அலுமினியக் குச்சிகள் வரிசையாகக் கட்டிய யாகி ஆன்டெனாவை அந்தத் திசைக்குத் திருப்பிவைத்தால் படம் வரும். காற்றடித்து ஆன்டெனா திரும்பிவிட்டால் திரையில் கொசு பறக்கும். டாக்கா நிலையத்தைப் பிடிப்பதற்கென்று சிலர் கிழக்கே திருப்பி பூஸ்டரும் போட்டார்கள். ரூபவாஹினிக்காகத் தென்கிழக்கே ஆன்டெனா திருப்பிய தமிழகக் கடற்கரைக்காரர்களுக்கு இந்த வித்தையை விளக்க வேண்டியதில்லை.

கோபுரத்தின் எல்லைக்கு வெளியே இருந்த ஊர்களுக்குத்தான் குறைசக்தி நிலையங்கள் பிறந்தன. 1983 ஆகஸ்ட் 30 அன்று சேலஞ்சர் விண்கலத்தில் போன இன்சாட்-1பி செயற்கைக்கோள் இதைச் சாத்தியமாக்கியது. டெல்லியிலிருந்து நிகழ்ச்சி செயற்கைக்கோளுக்குப் போகும். அதைச் சிற்றூரில் ஒரு பெரிய கிண்ண ஆன்டெனா வாங்கி, உள்ளூர் அலைவரிசைக்கு மாற்றி, ஒரு சின்னக் கோபுரத்திலிருந்து வீசும். வீசும் சக்தி 100 வாட், அதாவது ஒரு குண்டு பல்பின் சக்தி. சுமார் 15 கிலோமீட்டர் தொலைவுவரை அது எட்டும். நிலையம் என்றால் ஓர் அறை, ஒரு டிரான்ஸ்மிட்டர், ஒரு ஜெனரேட்டர், முறைவைத்து வரும் சில பொறியாளர்கள், அவ்வளவுதான். ஸ்டுடியோ கிடையாது, கேமரா கிடையாது, அறிவிப்பாளர் கிடையாது. உள்ளூர்த் திருவிழாவைக் காட்டலாம் என்று நிலையப் பொறியாளர் ஆசைப்பட்டாலும் அதற்கு அங்கே கருவி இல்லை. 1984 இல் கொஞ்ச காலம், நாளுக்கு ஒரு டிரான்ஸ்மிட்டர் என்று நாடு முழுக்க இவை முளைத்தன.

அமெரிக்கக் குறைசக்தி நிலையத்துக்கும் இதற்கும் அளவில்தான் ஒற்றுமை. அங்கே சிறிய கோபுரம் சிறிய ஊரின் குரலாக வந்தது. இங்கே நூற்றுக்கணக்கான சிறிய கோபுரங்கள் டெல்லியின் ஒரே குரலை எதிரொலித்தன. தேசிய நிகழ்ச்சி என்ற பெயரில் 1982 ஆகஸ்ட் 15 முதல் வந்துகொண்டிருந்த அந்தக் குரல் எதைச் சொல்கிறதோ, அதுவே அன்று நாடு பார்ப்பது.

அந்தக் குரல் 1987 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை காலை ராமாயணம் சொல்ல ஆரம்பித்தது. ராமானந்த் சாகரின் தொடர் 78 பகுதிகள் ஓடி 1988 ஜூலை 31 அன்று முடிந்தது. ஒன்பதரை மணிக்குத் தெருக்கள் காலியானதும், டிவி பெட்டியைத் துடைத்துப் பொட்டு வைத்து, மாலை போட்டு, ஊதுபத்தி கொளுத்தியதும் நாடு முழுக்க நடந்தவை. இந்தி புரியாத தமிழ் வீடுகளிலும் அது ஓடியது. கதை தெரியும் என்பதால் மொழி பெரிதாகத் தடுக்கவில்லை. ஹவுராவில் இந்தி பேசும் லிலுவா, சால்கியா, குசுரி பகுதிகளில் மொழித் தடையும் இல்லை. தொடரை நீட்டிக்கச் சொல்லி ஜலந்தரில் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். உத்தர ராமாயணம் பிறகு வந்தது. 1988 அக்டோபர் 2 முதல் 1990 ஜூன் 24 வரை பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம், 94 பகுதிகள்.

மதச்சார்பற்ற அரசின் ஒரே தொலைக்காட்சி, ஒரு மதத்தின் காவியத்தை வீடுதோறும் பூஜைப் பொருளாக்கலாமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. இது வெறும் பொழுதுபோக்கு, நம் பண்பாடு என்ற பதிலும் கூடவே வந்தது. அரவிந்த் ராஜகோபால் 2001 இல் வெளியிட்ட தம் ஆய்வு நூலில், அந்த ஒளிபரப்பு இந்து தேசியவாத அரசியலுக்குப் பொதுவெளியில் ஓர் இடத்தை உண்டாக்கித் தந்தது என்று வாதிட்டார். அந்த வாதத்தை முழுக்க ஏற்காதவர்களும் மறுக்க முடியாத ஒன்று உண்டு. எந்த மடத்துக்கும் சபைக்கும் 100 வாட் தர மறுத்த அரசு, தன் எல்லா 100 வாட்டுகளையும் சேர்த்து, உலகில் எந்த மத நிலையத்துக்கும் கிடைக்காத அளவு பெரிய கூட்டத்தை ஞாயிறு காலையில் கூட்டிக்காட்டியது. சமன் செய்வதற்காக வந்தவை போலப் பின்னால் வந்த தொடர்களில், கேரளத்தின் நவோதயா அப்பச்சன் தயாரித்த பைபிள் கதைகளும் ஒன்று. அது ராமாயணத்தின் நிழலைக்கூட எட்டவில்லை.

ஈடன் தோட்டத்தில் தொடங்கிய வழக்கு

அலை யாருடையது என்ற கேள்விக்கு நீதிமன்றத்தின் பதில் வந்தது கல்கத்தாவிலிருந்து கிளம்பிய வழக்கில்தான், அதுவும் கிரிக்கெட்டால். 1993 நவம்பரில் தான் நடத்திய ஹீரோ கோப்பையின் ஒளிபரப்பு உரிமையை வங்காள கிரிக்கெட் சங்கம் ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தது. தூர்தர்ஷனும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகமும், 1885 ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தைக் காட்டி, அரசின் அனுமதியின்றி இந்திய மண்ணிலிருந்து சிக்னல் மேலே போகக் கூடாது என்றன. சண்டை கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கும், பிறகு உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. நடுவில் ஆட்டமும் நடந்தது. ஈடன் தோட்ட மைதானத்தில் அரையிறுதியின் கடைசி ஓவரைச் சச்சின் வீசியதை அந்தத் தலைமுறை மறக்காது.

1995 பிப்ரவரி 9 அன்று வந்த தீர்ப்பு, வானலைகள் பொதுச்சொத்து என்றது. அரசின் ஏகபோகத்தை ஏற்கவில்லை. அதே மூச்சில், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் தனிச்சொத்தும் அல்ல, ஒரு சுதந்திரமான பொது அமைப்பு அதை ஒழுங்குபடுத்த வேண்டும் என்றது. அரசு வானொலியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் பிரசார் பாரதி 1997 இல் செயல்பாட்டுக்கு வந்தது. தரைவழித் தொலைக்காட்சியில் தனியாருக்கு இடம் மட்டும் வரவில்லை.

வானொலியில் சற்றுக் கதவு திறந்தபோது, மதத்தை வெளியே நிறுத்தும் பூட்டும் கூடவே வந்தது. தனியார் எஃப்எம் ஏல விதிகளின்படி, மத அமைப்புகளோ அரசியல் அமைப்புகளோ கட்டுப்படுத்தும் நிறுவனங்கள் தகுதியற்றவை. சமுதாய வானொலி கல்வி நிறுவனங்களுக்கும், 2006 முதல் பதிவுபெற்ற சேவை அமைப்புகளுக்கும் கிடைத்தது. அதன் சக்தியும் 100 வாட்தான், கோபுரத்தின் உயரம் 30 மீட்டர். 2004 இல் அண்ணா பல்கலைக்கழகம் தொடங்கிய நிலையம் இந்த வகையில் நாட்டின் முதலாவது. கொல்கத்தாவில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் 2008 இல் ரேடியோ ஜேயு-வைத் தொடங்கியது. சமுதாயத் தொலைக்காட்சி என்று ஒரு வகை மட்டும் இந்திய விதிப்புத்தகத்தில் இன்றுவரை இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2008 நவம்பரில் இன்னும் ஒரு படி மேலே போய், மத அமைப்புகள் எந்தவித ஒளிபரப்பிலும் விநியோகத்திலும் இறங்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. 2012 இல் அதையே திரும்பச் சொன்னது. பரிந்துரை பரிந்துரையாகவே நின்றுவிட்டது.

தெருவுக்குள் ஒரு நிலையம்

சட்டம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கம்பி தெருவுக்குள் வந்துவிட்டது. 1991 வளைகுடாப் போருக்குப் பிறகு கேபிள் டிவி பரவிய வேகத்தில், ஹவுராவின் சந்துகளில் கறுப்பு வயர் மின்கம்பத்திலிருந்து பால்கனிக்கும், பால்கனியிலிருந்து அடுத்த வீட்டு மொட்டைமாடிக்கும் தாவியது. கேபிள்காரரின் கட்டுப்பாட்டு அறை என்பது பெரும்பாலும் ஒரு கடையின் பின்புறமோ மாடிப்படிக்குக் கீழோ இருக்கும். சுவரோடு ஒட்டிய இரும்பு அடுக்கில் ரிசீவர்கள், ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு மாடுலேட்டர், அவற்றைக் கலக்கும் ஒரு கம்பைனர், வெப்பம் தணிக்க ஒரு மேசை விசிறி. அந்த அடுக்கில் ஒரு மாடுலேட்டர் வெளியிலிருந்து எதையும் வாங்காது. அதன் பின்னால் ஒரு விசிஆர், பிற்காலத்தில் ஒரு டிவிடி பிளேயர் செருகியிருக்கும். அதுதான் உள்ளூர் சேனல்.

ஆண்டு முழுக்க அதில் சினிமாவும், அக்கம்பக்கத்து நகைக்கடை, டியூஷன் சென்டர் விளம்பரமும் ஓடும். துர்கா பூஜை வந்ததும் சேனலின் முகமே மாறிவிடும். தெருக் குழுவின் பந்தல், பஞ்சமியன்று சிலை வந்து இறங்கியது, அஷ்டமி அஞ்சலி, தசமியன்று பெண்கள் சிந்தூரம் பூசி விளையாடியது எல்லாம் கேம்கார்டரில் பதிவாகி, கேசட்டாகக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய், அன்று மாலையே அந்தத் தெருவின் வீடுகளில் ஓடும். முகரம், கிறிஸ்துமஸ், சீக்கியர்களின் குர்புரப் என்று யார் கேசட் கொண்டுவந்தாலும், பணம் கட்டினால் இடம் உண்டு. படம் நடுங்கும், ஒலி கரகரக்கும். அத்தை அஞ்சலிக்கு நிற்பது திரையில் தெரிகிறது என்பது போதும், வீட்டில் யாரும் சேனலை மாற்ற மாட்டார்கள்.

அமெரிக்காவின் குறைசக்தி நிலையத்துக்கு இந்தியாவில் நேர் இணை தேடினால், அது தூர்தர்ஷனின் 100 வாட் கோபுரம் அல்ல, மாடிப்படிக்குக் கீழ் இருந்த இந்த மாடுலேட்டர்தான். கம்பியில் ஓடும் சிக்னலுக்கு மில்லிவாட் அளவு சக்தியே போதும். அதற்கு எந்த அலைவரிசை உரிமமும் தேவைப்படவில்லை. இந்த நாட்டின் மதத் தொலைக்காட்சி வரலாற்றை எழுதுகிறவர்கள் ராமாயணத்திலிருந்து நேரே செயற்கைக்கோள் சேனல்களுக்குத் தாவிவிடுகிறார்கள். நடுவில் கிடக்கும் இந்தக் கேசட்டுகளை யாரும் சேமித்துவைக்கவில்லை; பெரும்பாலானவற்றின் மேல் அடுத்த ஆண்டு பூஜை பதிவாகியிருக்கும்.

1995 ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி வலைப்பின்னல்கள் ஒழுங்குமுறைச் சட்டமும் அதன் விதிகளும் இந்தச் சேனல்களுக்கும் பொருந்தும். எந்த மதத்தையோ சமூகத்தையோ தாக்கும் நிகழ்ச்சி கூடாது. முழுக்கவோ பெரும்பாலுமோ மத நோக்கமுள்ள விளம்பரம் கூடாது. அற்புத சக்தி இருப்பதாகச் சொல்லி ஒரு பொருளை விற்கக் கூடாது. தாயத்தும் ராசிக்கல்லும் விற்கும் நிகழ்ச்சிகளை இரவு பதினொரு மணிக்கு மேல் பார்த்தவர்களுக்கு, இந்த விதிகள் எந்த அளவு நடைமுறையில் இருந்தன என்று சொல்லத் தேவையில்லை. 2021 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, அனுமன் யந்திரம் என்ற பெயரில் தகடு விற்ற தொலைக்காட்சி விளம்பரங்களைச் சட்டவிரோதம் என்றது. அதற்கு அடிப்படையாக அமைந்தது மகாராஷ்டிரத்தின் மாந்திரீகத் தடைச் சட்டம்.

தெருச் சேனலின் காலத்தை முடித்துவைத்தது செட்டாப் பாக்ஸ். கேபிளை டிஜிட்டலாக்கும் திட்டத்தில் கொல்கத்தா, சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களுக்கு 2012 அக்டோபர் 31 கெடு. ஹவுரா இரண்டாம் கட்டப் பட்டியலில், 2013 மார்ச் 31 கெடுவோடு இருந்தது. மேற்கு வங்க அரசு அவகாசம் கேட்டு முரண்டு பிடித்ததால் இரு கரையிலும் அனலாக் சில காலம் கூடுதலாக ஓடியது. சென்னையிலும் இழுபறி நடந்தது. கடைசியில் சிக்னல் பெரிய நிறுவனங்களின் தலைமையகத்திலிருந்து பூட்டுப் போட்டே வர ஆரம்பித்ததும், தெருக் கேபிள்காரர் வயர் பார்ப்பவராகவும் வசூல்காரராகவும் சுருங்கினார்.

வாடகைக்கு வானம்

மதச் சேனல்கள் இதற்கிடையில் வேறொரு தளத்தில் பெருகின. தரைவழி அலை கிடைக்காவிட்டாலும், கம்பெனியாகப் பதிவு செய்துகொண்டு செயற்கைக்கோளில் இடம் வாடகைக்கு எடுக்கலாம். 2000 இல் ஆஸ்தாவும் சன்ஸ்காரும் இந்தியில் தொடங்கின. கேரளக் கத்தோலிக்கர்களின் ஷாலோம், சென்னையிலிருந்து ஏஞ்சல் டிவி என்று பட்டியல் நீண்டது. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஸ்ரீ வெங்கடேஸ்வர பக்தி சேனலை 2008 ஜூலை 7 அன்று அன்றைய குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீல் தொடங்கிவைத்தார். அதன் தமிழ்ச் சேனல் 2017 இல் வந்தது. சுப்ரபாதமும் கல்யாண உற்சவமும் இன்று தமிழ் வீடுகளில் தினமும் ஓடுகின்றன.

உலகில் இந்த வகையின் முன்னோடிகளில் ஒன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஐரண்டேல் என்ற சிற்றூரில் இருக்கிறது. மதர் ஏஞ்சலிகா என்ற கன்னியாஸ்திரி, மடத்தின் கார் ஷெட்டில் ஸ்டுடியோ அமைத்து 1981 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய கத்தோலிக்க ஒளிபரப்பு அது. கையில் 200 டாலரோடு தொடங்கினார் என்பது அந்த நிறுவனம் பெருமையோடு சொல்லும் வரலாறு. இந்தியாவில் அப்படித் தொடங்க முடியாது. செய்தி அல்லாத சேனல் ஒன்றுக்கு அனுமதி கேட்கும் நிறுவனத்தின் நிகர மதிப்பு 5 கோடி ரூபாயாவது இருக்க வேண்டும். அதன்மேல் செயற்கைக்கோள் வாடகை, டிடிஎச்சிலும் கேபிளிலும் இடம்பிடிக்கக் கட்டும் தொகை. மதத்தைக் காற்றிலிருந்து விலக்கிவைத்த கொள்கையின் நடைமுறை விளைவு இதுதான்: ஏழுமலையானுக்கு வானத்தில் இடம் கிடைத்தது, சிவ்பூரின் ஆயிரம் கைக் காளிக்குக் கிடைக்கவில்லை. பிரிவினையைத் தடுக்கப் போட்ட வேலி, கடைசியில் பணமுள்ளவர் தாண்டும் வேலியாகிவிட்டது.

மடத்தின் கேமரா

பேலூர் மடத்துக்கு இந்த வேலியைத் தாண்ட வேண்டிய அவசியம் வரவில்லை. தூர்தர்ஷனே கேமராவோடு வந்தது. மடத்தில் துர்கா பூஜையை 1901 இல் தொடங்கியவர் விவேகானந்தர். சங்கல்பம் சன்னியாசிகளின் பெயரில் நடப்பதில்லை. அன்று உடனிருந்த சாரதா தேவியின் பெயரில்தான் இன்றும் நடக்கிறது. அஷ்டமிக் காலையில் ஒரு சிறுமியைச் சிவப்புப் பட்டுடுத்தி, மலர் சூட்டி, தேவியாக அமர்த்தி ஆராதிக்கும் குமாரி பூஜையை டிடி பங்க்ளா நேரலையில் காட்டியபோது, மாவட்டம் தாண்டாத கூட்டம் மாநிலம் முழுக்கப் பரவியது.

இந்த நேரலைகளில் நிகழ்ச்சி நேரத்தைத் தீர்மானிப்பது பஞ்சாங்கம். மடம் பின்பற்றுவது விசுத்த சித்தாந்தப் பஞ்சிகை. அஷ்டமித் திதியின் கடைசி 24 நிமிடமும் நவமியின் முதல் 24 நிமிடமும் சேர்ந்த 48 நிமிடம்தான் சந்தி பூஜை. 108 தாமரை, 108 விளக்கு. அது பகல் பத்து மணிக்கும் வரலாம், நள்ளிரவு தாண்டியும் வரலாம். ஒளிபரப்பு அட்டவணையைப் பூசாரி ஏற்கமாட்டார், திதியை விளம்பரதாரர் ஏற்கமாட்டார். இணையம் வந்தபோது இந்தச் சிக்கல் தானாகக் கரைந்தது, அங்கே முக்கிய நேரம் என்று ஒன்று கிடையாது. மடம் சொந்த இணைய ஒளிபரப்பைத் தொடங்கி, மாலை ஆரத்தி, விசேஷ பூஜைகள், சொற்பொழிவுகள் ஆகியவற்றைக் காட்டத் தொடங்கியது. 1938 ஜனவரி 14 அன்று திறந்த பெரிய கோயிலுக்குள் வருகிறவர்கள் படம் எடுக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு அப்படியேதான் இருக்கிறது. பார்வையாளரின் கேமரா வெளியே, மடத்தின் கேமரா உள்ளே.

2020 இல் அந்த உள் கேமராவின் மதிப்பு தெரிந்தது. கொரோனாவால் அவ்வாண்டு துர்கா பூஜையில் பக்தர்களை அனுமதிக்கவில்லை. பெரிய பந்தல் இல்லாமல் கோயிலுக்குள்ளேயே பூஜை நடந்தது. பார்க்க விரும்பியவர்களுக்கு யூடியூப் நேரலைதான் கைகொடுத்தது. சில மாதம் முன்பு, ஊரடங்கின் தொடக்கத்தில், தூர்தர்ஷன் பழைய ராமாயணத்தைத் தூசி தட்டி மார்ச் 28 முதல் மறுஒளிபரப்பு செய்திருந்தது. முப்பத்து மூன்று ஆண்டுக்கு முன் வேறு வழியில்லாமல் பார்த்தவர்கள், நூற்றுக்கணக்கான சேனல்கள் இருந்தும் அதையே பார்த்தார்கள்.

நதியா மாவட்டத்தின் மாயாப்பூரில் இஸ்கானும் இணையத்திலேயே தன் ஆலய ஒளிபரப்பை நடத்துகிறது. ஹூக்ளி மாவட்டத்து ஃபுர்ஃபுரா ஷரீஃபின் சமய உரைகள் கைபேசியிலிருந்து கைபேசிக்குப் போகின்றன. சிவ்பூர், சால்கியாவின் பூஜைக் குழுக்கள் ஒரு முக்காலியில் கைபேசியை நிறுத்தி அஞ்சலியை நேரலையில் விடுகின்றன. மாடுலேட்டர் இருந்த அடுக்கு தேவையில்லை, கேசட்டும் தேவையில்லை. பெங்களூரில் இருக்கும் பேரனும் அத்தையைப் பார்க்கலாம்.

இந்தக் காலத்துக்குள் தூர்தர்ஷனின் சிறு கோபுரங்கள் ஓசையின்றி மூடப்பட்டன. கொல்கத்தாவில் 2016 இல் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு வந்தது. எல்லைப்புறம் போன்ற முக்கியமான சுமார் 50 இடங்களைத் தவிர, நாட்டின் அனலாக் டிரான்ஸ்மிட்டர்கள் அனைத்தையும் பிரசார் பாரதி 2022 மார்ச்சுக்குள் நிறுத்தியது. கேபிள் நிறுவனங்கள் நடத்தும் உள்ளூர்ச் சேனல்களுக்கு அமைச்சகம் 2022 நவம்பரில் விதிகள் வகுத்தது. அவை பதிவு செய்யப்பட வேண்டும். ஒரு நிறுவனம் சுமக்கும் மொத்தச் சேனல்களில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 1885 ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தின் இடத்துக்கு 2023 இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது.

இன்று ஒரு ஹவுரா பூஜைக் குழுவின் நேரலை நின்றுபோனால், அதற்குக் காரணம் பெரும்பாலும் அமைச்சகமாக இருக்காது. பந்தலின் ஒலிபெருக்கியில் ‘மகிஷாசுரமர்த்தினி’ ஓடினால், அதன் ஒலிப்பதிவு உரிமை கொல்கத்தாவின் சரிகமா நிறுவனத்திடம் இருப்பதால், இணையதளத்தின் தானியங்கிக் காப்புரிமைச் சோதனையில் மாட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. அப்படி நின்றால் மேல்முறையீட்டுக்கான படிவத்தை இணையத்திலேயே நிரப்ப வேண்டும்.